அம்மாவின் மடிப்புப் பலகை

சென்ற மாதம் ரொறன்ரோவிலிருந்து வந்திருந்த உறவினர் ஒருவரிடம் மகள் ஒரு பொதி கொடுத்தனுப்பியிருந்தாள். பிரித்துப் பார்த்தால் நீல நிறத்தில் ஒரு பிளாஸ்ரிக் பலகை. ஒன்றல்ல, பிணைச்சல்களால் இணைக்கப்பட்ட நான்கு தகடுகள். துணியை அதன்மேல் குப்புற விரித்து, வலத்தகட்டை உள்ளே மடக்கி விரித்து, இடத்தகட்டையும் அவ்வாறே செய்து, கீழ்த்தகட்டை மேலே தூக்கினால் சட்டை கடையில் வாங்கியதுபோல் மடிந்து கிடக்கிறது. சட்டை, துவாய், தலையணை உறை எதுவானாலும் ஒரே அளவு. மனைவி அன்று மாலையே வீட்டிலிருந்த துவாய்கள் அத்தனையையும் மடித்து முடித்துவிட்டார். படுக்கை விரிப்புகளுக்கு மட்டும் அது உதவவில்லை. பலகையின் அகலத்துக்கு முதலில் கையால் மடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

"அப்பா, அங்கை இப்பிடி ஒண்டும் இருக்காதெண்டு அனுப்பினனான்" என்றாள் மகள் தொலைபேசியில். நான் மறுத்துப் பேசவில்லை. ஆனால் எங்கள் வீட்டில் நாற்பது ஆண்டுகளாக ஒரு மடிப்புப் பலகை இருந்து வருகிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன். நீலப் பலகை அதற்கு வழிசெய்திருக்கிறது.

துணியை மடித்து அடுக்கி வைக்கும் இந்த அலுவலில் நம்மவர்கள் போர்த்துக்கேயருக்குப் பட்ட கடன் சிறிதல்ல. அலுமாரி அவர்கள் சொல். துவாயும் அவர்களுடையதுதான். யாழ்ப்பாணத்தார் கைக்குட்டையை லேஞ்சி என்பதும் அவர்களிடம் பெற்றதே. இஸ்திரி என்பதையும் அந்தக் கணக்கிலேயே சேர்ப்பர், நாங்கள் அதனை மினுக்குதல் என்று அழகாகத் தமிழில் சொல்லிக்கொண்டாலும். ஆயினும் துணியை ஒழுங்குபடுத்தக் கருவி செய்துகொள்ளும் வழக்கம் அதற்கும் மிகப் பழையது. கி.பி. 79 இல் வெசூவியஸ் எரிமலையால் மூடுண்ட ஹெர்குலேனியம் நகரில், திருகாணி பூட்டிய மரத் துணியழுத்தி ஒன்று கரியாகிய நிலையில் கண்டெடுக்கப்பட்டது. பதினேழாம் நூற்றாண்டு ஒல்லாந்து வீடுகளிலும் அத்தகைய அழுத்திகள் இருந்தன. மடித்த விரிப்புகளை இரு பலகைகளுக்கிடையே வைத்துத் திருகி இறுக்குவார்கள். அழுத்தி மடிப்பைப் படிய வைக்கும். மடிப்புப் பலகையின் வேலை வேறு. அது அளவு கொடுக்கிறது.

அளவு கொடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை அச்சகத்தில் நின்றவர்கள் அறிவர். சுழல் அச்சியந்திரத்தில் மை பதிந்து ஓடிவரும் காகிதம், முக்கோண வடிவான ஓர் உலோகத் தகட்டின்மேல் வழுக்கி இறங்கும்போதே நீளவாட்டில் இரண்டாக மடிகிறது. பின்னர் உருளைகளுக்குள் புகுந்து, வெட்டுண்டு, குறுக்கே மீண்டும் மடிந்து பத்திரிகையாக வெளியே விழுகிறது. தொழிலுக்கு வந்த புதிதில், இரவுப் பணி முடிந்தபின் அந்தத் தகட்டையே பார்த்துக்கொண்டு நிற்பேன். அம்மாவின் பலகைதான் நினைவுக்கு வரும்.

1983 ஜூலையில் எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில் இருந்தது. எனக்கு வயது பதினான்கு. 25 ஆம் திகதி நண்பகலில் அயல்வீட்டார் எங்களைத் தம் பின்னறையில் ஒளித்து வைத்தார்கள். அங்கே போகுமுன் அம்மாவுக்குக் கிடைத்தது சில நிமிடங்கள். அலுமாரியைத் திறந்து கையில் அகப்பட்டதை இழுத்தார். அந்நாட்களில் எங்கள் அலுமாரியும் எல்லா வீட்டு அலுமாரிகளையும் போலத்தான், பெரியதும் சிறியதுமாக ஒன்றன்மேல் ஒன்று. இழுத்த இழுப்பில் அடுக்கு முழுவதும் நிலத்தில் சரிந்தது. ஒரேயொரு விரிப்புடன் வெளியேறினோம். பிறப்புச் சான்றிதழ்கள், அப்பாவின் வேலை நியமனக் கடிதம், திருமணப் பதிவு யாவும் அதே அலுமாரியின் இழுப்பறைக்குள் இருந்தன. மாலையில் வீடு எரிந்தது. அந்த விரிப்பு முகாமில் எங்களுக்குப் பாயாகவும் மறைப்பாகவும் இருந்து, காங்கேசன்துறைக்குக் கப்பலில் போனபோது மூட்டை கட்டும் துணியாகவும் ஆயிற்று.

எரிந்த வீட்டைப் பற்றி அம்மா அதிகம் பேசியதில்லை. சரிந்த அடுக்கைப் பற்றித்தான் பேசுவார்.

மறு ஆண்டு அப்பாவின் வேலைக்காக மீண்டும் கொழும்புக்கு வந்தோம். அப்பா தேயிலைக் களஞ்சியம் ஒன்றில் இலிகிதர். தளபாடம் வாங்கப் பணமில்லை. களஞ்சியத்தில் கழித்துவிட்ட தேயிலைப் பெட்டிகள் நான்கைக் கொண்டுவந்தார். மூன்று படை ஒட்டுப்பலகையும் ஓரங்களில் தகரப் பட்டியுமாக இருந்த அந்தப் பெட்டிகளை இன்றைய இளைஞர்கள் கண்டிருக்க மாட்டார்கள். தேயிலை காகிதச் சாக்குக்கு மாறிய பின்னர் அவை மறைந்து போயின. அந்நாளில் வீடு மாறுவோர், கடல் கடந்து போவோர் எவருக்கும் அதுவே பெட்டி. எங்களுக்கு மேசை, கதிரை, அலுமாரி எல்லாமும் அதுவே.

பெட்டியொன்றைக் கிடையாகக் கிடத்தியபோது அதன் உள்ளகலம் ஏறத்தாழ 20 அங்குலம் இருந்தது. இரண்டு அடுக்குகள் வைக்கலாம். 'அப்ப ஒன்பது அங்குலம்' என்று அம்மா கணக்குப் போட்டார். அப்பா ஒரு பெட்டியின் மூடியை அறுத்து, 9 அங்குல அகலமும் 14 அங்குல நீளமுமாக ஒரு பலகை செய்து கொடுத்தார். ஓரங்களை அரத்தாளால் தேய்த்தார். துணி சிக்காதிருக்க அம்மா மெழுகுதிரியைப் பூசி விரலால் தேய்த்து மினுக்கினார். பலகையின் ஒரு மூலையில் 'சிலோன்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி மூன்று எழுத்துகள் கறுப்பு மையில் இருந்தன. நாடு 1972 இல் பெயரை மாற்றிக்கொண்டது. தேயிலை மாற்றிக்கொள்ளவில்லை.

பலகையின் செய்முறை எளியது. விரிப்பை நீளவாட்டில் நான்காக மடித்து மேசையில் கிடத்துவார். ஒரு நுனியில் பலகையை வைத்து, அதனையும் சேர்த்துப் புரட்டிக்கொண்டே மறுநுனி வரை போவார். பிறகு உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தி, பலகையை மட்டும் பக்கவாட்டில் உருவி எடுப்பார். விரிப்பு ஒரு புத்தகம்போலக் கிடக்கும். பத்து விரிப்புகளை அடுக்கினாலும் சுவர்போல நேராக நிற்கும். அந்த அடுக்கை இரு கைகளாலும் அப்படியே தூக்கிப் பைக்குள் இறக்கிவிடலாம். பலகை செய்ததன் நோக்கம் அதுதான் என்பது எனக்கு மிகப் பிந்தியே விளங்கியது.

1995 இல் வெள்ளவத்தைக்கு வந்தோம். காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் மூன்றாம் மாடி. வெள்ளவத்தைக்கும் துணிக்கும் உள்ள உறவு இன்றைய புடைவைக் கடைகளுடன் தொடங்கியதல்ல. இங்கேயிருந்த நூற்பு நெசவாலையில் 1933 இல் நடந்த வேலைநிறுத்தம் இந்நாட்டு இடதுசாரி இயக்கத்தின் வரலாற்றில் முக்கியமானது. கொல்வின் ஆர். டி சில்வா முதலியோர் தொழிலாளர் பக்கம் நின்றார்கள். இரண்டாண்டுகளில் சமசமாஜக் கட்சி பிறந்தது. ஆலை நின்ற காணியில் இப்போது ஹவ்லொக் சிற்றி மாடிகள் நிற்கின்றன. அவ்வழியே போகும்போதெல்லாம், அந்த மாடி வீடுகளில் விரிப்புகளை யார் மடிக்கிறார்கள் என்று ஒரு வீண் எண்ணம் வரும்.

கடற்காற்று துணிக்குப் பகை. ஈரம் ஊறும், வாடை பிடிக்கும். ஒரே மடிப்பில் நெடுநாள் கிடந்தால் மடிப்புக் கோட்டில் பழுப்பேறி, அந்தக் கோட்டிலேயே துணி கிழியும். சரிகைச் சேலை வைத்திருக்கும் பெண்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை அம்மா அலுமாரியை முழுவதும் இறக்கி, வெயில் காட்டி, வேறு கோட்டில் மடித்து மீண்டும் அடுக்குவார். தட்டுகளில் என்னுடைய பத்திரிகையை விரிப்பார். காகிதத்தின் அமிலம் துணியைப் பழுப்பாக்கும் என்று எங்கோ படித்துவிட்டுச் சொன்னேன். "நீ எழுதினதுதானே, ஒண்டும் செய்யாது" என்றார். எனது ஞாயிறு கட்டுரைகள் பல அவ்வாறு நெடுங்காலம் பாதுகாக்கப்பட்டன. வாசிக்கப்பட்டனவா என்பது வேறு விடயம்.

தேடுதல்கள் பல முறை வந்தன. வெள்ளவத்தையில் அக்காலத்தில் வாழ்ந்த எவருக்கும் அது புதிதல்ல. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2007 ஆம் ஆண்டின் தொடக்கம், அதிகாலை இரண்டு மணி. வந்தவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். ஆனால் தேடுதல் என்றால் தேடுதல்தான். அலுமாரியிலிருந்து அடுக்குகள் இறங்கின. ஒவ்வொரு விரிப்பும் உதறப்பட்டது. அம்மா சுவரோரம் கைகட்டி நின்றார். முடிந்ததும் அவர்களில் மிக இளையவனாகத் தெரிந்த ஒருவன், என்ன நினைத்தானோ, ஒரு விரிப்பை எடுத்து மடித்து வைக்க முயன்றான். அது அவனது கைக்குள் சுருண்டு சுருண்டு விழுந்தது. "தியன்ன புத்தா" என்றார் அம்மா. வை மகனே என்று பொருள். அவனிடமிருந்து அதனை வாங்கிக்கொண்டார். அவர்கள் போன பிறகு பலகையை எடுத்து மேசையில் வைத்தார். நான் உறங்கிவிட்டேன். ஆறு மணிக்கு எழுந்தபோது அலுமாரி முன்போலவே இருந்தது. அன்று அலுவலகத்தில் அச்சுற்றிவளைப்பைப் பற்றி எட்டு வரிச் செய்தி எழுதினேன்.

அதே ஆண்டு ஜூன் 7 ஆம் திகதி நடந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த வடக்கு, கிழக்குத் தமிழர்கள் அதிகாலையில் பேருந்துகளில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் மட்டக்களப்புக்கும் அனுப்பப்பட்டார்கள். 376 பேர் என்பது அப்போது சொல்லப்பட்ட கணக்கு. மறுநாள் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அன்று முழுவதும் நான் அந்தச் செய்தியுடனேயே இருந்தேன். பேருந்துகள் எத்தனை, விடுதிகள் எவை, யார் என்ன அறிக்கை விட்டார், மனுவைத் தாக்கல் செய்வது யார் எல்லாம் என் குறிப்புப் புத்தகத்தில் இருந்தன. இரவு பதினொரு மணிக்கு வீடு திரும்பினேன். அம்மா சோற்றைப் போட்டுவிட்டு எதிரே அமர்ந்து முழுவதையும் கேட்டார். பிறகு கேட்டார்:

"அந்தச் சனத்துக்கு உடுப்பை மடிச்சு வைக்கவாவது நேரம் குடுத்தவங்களோ?"

என்னிடம் விடை இருக்கவில்லை. சில நிமிட அவகாசம் என்று செய்தியில் எழுதியிருந்தேன். அந்த நிமிடங்களில் அவர்கள் எதை எடுத்தார்கள், கொடியில் ஈரமாகத் தொங்கிய துவாயை என்ன செய்தார்கள் என்று ஒருவரிடமும் நான் கேட்டிருக்கவில்லை. திரும்பி வந்தவர்களில் சிலரைப் பின்னர் சந்தித்தேன். அப்போதும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முதற்பக்கத்தில் இடம் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. இருந்தும் கேட்டிருக்கலாம்.

2019 இல் மரி கொண்டோ என்ற யப்பானியப் பெண்மணியின் நிகழ்ச்சி நெற்ஃபிளிக்ஸில் வந்தது. துணியைச் சிறு பொதியாக மடித்து இழுப்பறையில் நிமிர்த்தி வைப்பது அவரது முறை. எல்லாம் ஒரே பார்வையில் தெரியும் என்பது அதன் சிறப்பு. மனைவி மிகுந்த ஆர்வத்துடன் பார்த்தார். அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினார். அம்மா சிறிது நேரம் பார்த்தார். "வடிவாய்த்தான் இருக்கு. ஆனா இப்பிடி நிமித்தி வைச்சால் அந்தரம் அவசரத்துக்கு ஒருமிக்கத் தூக்கேலாதே பிள்ளை" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். போர் முடிந்து பத்தாண்டு ஆகியிருந்தது.

அம்மா 2021 இல் காலமானார். நோய்த்தொற்றுக் காலமாகையால் எல்லாம் விரைவாக நடக்க வேண்டியிருந்தது. மேலே போர்த்த ஒரு வெள்ளை விரிப்பு எடுக்க மனைவி அலுமாரியைத் திறந்தார். இரண்டாம் அடுக்கில் கீழிருந்து மூன்றாவதை உருவி விரித்தபோது ஒரு பிளாஸ்ரிக் உறை நிலத்தில் விழுந்தது. அதற்குள் எங்கள் ஐந்து பேரின் பெயர்களும் எழுதப்பட்ட 2007 ஆம் ஆண்டுப் பொலிஸ் பதிவுப் படிவத்தின் பிரதி, பிறப்புச் சான்றிதழ்களின் பிரதிகள், இரண்டு ஆயிரம் ரூபாய்த் தாள்கள். முதல் அடுக்கில் இப்படியொன்று இருப்பது எனக்குத் தெரியும். போர்க்காலத்தில் அம்மாவே காட்டியிருந்தார். எட்டு நாட்களுக்குப் பின் பார்த்தோம். நான்கு அடுக்குகளிலும் கீழிருந்து மூன்றாவது விரிப்புக்குள் ஒவ்வோர் உறை இருந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்து, வெயில் காட்டி, மீண்டும் மடிக்கும்போது அவற்றையும் எடுத்து எடுத்துத் திரும்ப வைத்திருக்கிறார். ஒரு பதிவுப் படிவம் மடிப்புக் கோட்டில் கிழிந்து, பின்னால் காகிதம் ஒட்டப்பட்டிருந்தது.

மகளின் நீலப் பலகை மடிக்கும் துவாய்கள் அம்மாவின் அடுக்குகளைவிட அரை அங்குலம் அகலம் கூடியவை. ஒரே தட்டில் வைத்தால் ஓரம் ஒத்துவரவில்லை. மனைவி கீழ்த்தட்டை அவற்றுக்கு ஒதுக்கிவிட்டார். மேல்தட்டு விரிப்புகளை இப்போதும் ஒட்டுப்பலகையால்தான் மடிக்கிறார். அதில் இருந்த மூன்று எழுத்துகளில் ஒன்று தேய்ந்துவிட்டது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மூன்று மாதத் தவணை வந்தது. விரிப்புகள் பல்கனிக் கொடியில் காய்ந்து கொண்டிருந்தன. நான் பத்திரிகை பார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினார். கீழிருந்து மூன்றாவது வந்தபோது மேசையில் கிடந்த உறையை எடுத்து, என்னிடம் எதுவும் கேட்காமல், உள்ளே வைத்துப் பலகையைப் புரட்டினார்.