தீக்குச்சியும் மூன்று கம்பிச்சுருள்களும்

எமது விடுதித் தோழர் ஒருவர் தம் தந்தையார் விட்டுச்சென்ற மின்கிதாரைப் பாளையங்கோட்டைக்குக் கொணர்ந்த நாள் முதலாக, எமது மாலைப்பொழுதுகள் யாவும் அதற்கே உரியவாயின. அப்பெரியவர் முப்பது ஆண்டுகள் தம் ஊர்ப் பாடகர் குழுவில் அதனை வாசித்தவர். மறைந்து ஈராண்டுகள் ஆகின்றன. கல்லூரியின் கிறிஸ்துமஸ் பாடல் மாலைக்குத் தோழரின் தாயார் வருவதாயிருந்தது. அன்று அக்கருவியையே மீட்டல் வேண்டும் என்பது தோழரின் உறுதி. எம் கையில் இருந்தவை இருபது நாட்கள்.

கருவியோ கரகரத்தது. யாம் அதனைத் திறந்து தூசி துடைத்தோம். ஸ்விச்சு அசையும் பிளவிலே ஒரு தீக்குச்சித் துண்டு சிக்கியிருந்தது. குப்பை என்று கருதி அதனைப் பிடுங்கி எறிந்தோம். அறியாமைக்கு அதனினும் நல்ல சான்று யாம் காட்டவல்லோம் அல்லோம்.

மின்கிதாரின் ஒலி மரத்தினின்று பிறப்பதன்று. தந்திகளின் கீழே பிக்கப் எனப்படும் சுருள்கள் அமைந்துள்ளன. மயிரினும் மெல்லிய, ஏறக்குறைய 0.06 மில்லிமீட்டர் கனமுள்ள செப்புக்கம்பியை ஏழெட்டாயிரம் சுற்றுக்கள் சுற்றி, அடியில் காந்தம் வைத்தால் அதுவே பிக்கப். எஃகுத்தந்தி அதிருங்கால் காந்தப்புலம் அசைகின்றது. அவ்வசைவால் சுருளில் மின்சாரம் எழுகின்றது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்ட உண்மை இதுவே. இக்கருவியில் சுருள்கள் மூன்று: கழுத்தருகே ஒன்று, நடுவே ஒன்று, குதிரையருகே ஒன்று. கழுத்துச் சுருள் குழைந்து பேசும். குதிரைச் சுருள் கூர்ந்து பேசும். எதனைப் பேசவிடுவது என்பதை ஸ்விச்சு தீர்மானிக்கும்.

பழுது நீக்கி வாசித்தபோது தோழர் முகம் வாடிற்று. “சத்தம் தெளிவாய் இருக்கிறது; ஆனால் அப்பாவின் சத்தம் இதில் இல்லை” என்றார். ஸ்விச்சின் மூன்று நிலைகளிலும் தேடினோம்; கிட்டவில்லை.

மறுநாள் சுலோசன முதலியார் பாலத்தைக் கடந்து, ஜங்ஷனில் ரேடியோ பழுது பார்க்கும் முதியவர் ஒருவரிடம் சென்றோம். “அண்ணாச்சி, மூன்று நிலையிலும் இல்லாத ஒலி எங்கிருந்து வரும்?” என்று வினவினோம். அவர் சிரித்து, “தம்பிமாரே, உள்ளே ஏதாவது செருகியிருந்ததா?” என்றார். தீக்குச்சி நினைவுக்கு வந்தது, வெட்கி நின்றோம்.

அமெரிக்காவில் ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்னும் கிதாரை வெளியிட்டபோது, சுருள் மூன்றுக்கும் நிலை மூன்றே வைத்தது. வாசிப்போரோ ஸ்விச்சை இரு நிலைகளுக்கு நடுவே நிறுத்தினால் இரண்டு சுருள்களும் கூடி ஒலிக்கும் என்று கண்டுகொண்டனர். வில் அதனை விலக்கித் தள்ளுமாதலால் எதையேனும் செருகி நிறுத்தினர். 1977-இல்தான் அந்நிறுவனம் ஐந்து நிலை ஸ்விச்சைத் தந்தது. கடல் கடந்த அவ்வுபாயத்தைத் தாமிரபரணிக் கரையிலிருந்த பெரியவர் ஒரு தீக்குச்சியால் கைக்கொண்டிருந்தார்!

ஐந்து நிலை ஸ்விச்சு ஒன்று வாங்கிவந்து, கம்பிகளை அகற்றி, ஈயம் வைத்துப் பற்றவைத்தோம். இரண்டாம் நிலையில் நிறுத்தி மீட்டினால், கொசு அழுவது போன்ற மெலிந்த ஒலியே எழுந்தது. வியப்பு யாதெனில், இத்தனை நாளும் ஒலிபெருக்கியில் கேட்ட இரைச்சல் அந்நிலையில் அறவே நின்றிருந்தது. நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை சுழல்வது. அதன் சாயல் சுருளிற் பட்டு இரைச்சலாகும். பாபநாசத்தில் 1944-இல் நீர்மின் நிலையம் அமைந்த நாள் முதல், நம் ஆற்றுநீரும் இவ்வண்டின் ரீங்காரத்துக்கு ஓரளவு உடந்தையே.

மீண்டும் அண்ணாச்சியிடம் ஓடினோம். முள் அசையும் பழைய மீட்டரைச் சுருளோடு இணைத்து, திருப்புளியைச் சுருளின் மேல் வைத்துச் சட்டென்று எடுத்தார். கழுத்துச் சுருளுக்கு முள் வலப்புறமும், நடுச்சுருளுக்கு இடப்புறமும் துள்ளிற்று. நடுச்சுருளின் இரு கம்பிகளையும் யாம் இடம் மாற்றிப் பற்றவைத்திருந்தோம். ஒன்று தள்ள மற்றொன்று இழுத்தமையால் இசையும் அழிந்தது, இரைச்சலும் அழிந்தது. கம்பிகளைத் திருப்பினால் இரண்டும் மீளும். காந்தத்தை மட்டும் புரட்டிவிட்டாலோ, இசை மீளும், இரைச்சல் மீளாது. இரைச்சல் காந்தத்தைக் கேட்டு வருவதன்று. இசையோ காந்தமின்றிப் பிறப்பதன்று.

புரட்டுவதென்று முடிவு செய்தோம். அச்செயலின்போது யாம் மூச்சுவிட்டோமா என்பது ஐயமே. கம்பி ஓரிடத்தில் அறுமாயின் அப்பெரியவர் தொட்ட சுருள் என்றென்றைக்கும் ஊமை. காந்தப்பட்டையின் பசையைத் தோழரே பிளேடால் சிறிது சிறிதாகச் சுரண்டினார். எமது கை நடுங்கிற்று. பட்டையைப் புரட்டி ஒட்டியபின், பௌதிக ஆய்வுக்கூடத்தினின்று கேட்டு வாங்கிய திசைகாட்டியை அருகே பிடித்தோம். ஊசி மறுமுனை காட்டிற்று. இப்போது மீட்டர் முள்ளும் மூன்று சுருளுக்கும் ஒரே புறம் துள்ளிற்று.

கிதாருக்கும் தமிழ்ப் பகுதிக்கும் உறவென்ன என்று வினவுவாரும் உளர். பாலுசுவாமி தீட்சிதர் வயலினைப் பயின்று எட்டயபுரம் அரண்மனையில் வித்துவானாக வீற்றிருந்தபோது, அதுவும் அயல்நாட்டுக் கருவியே. உ. ஸ்ரீநிவாஸ் மின்மாண்டலினில் ஆலாபனை செய்தபோது கேட்டவர்கள் மரத்தின் குலம் வினவவில்லை.

பாடல் மாலைக்கு முன்னாள் ஒத்திகைக்குத் தோழரின் தாயார் வந்தார். தோழர் இரண்டாம் நிலையில் ஒரு பாடலை மீட்டினார். அம்மையார் கண்களைத் துடைத்துக்கொண்டு, “ராகம் அவருடையது, சத்தமும் அவருடையதுதான்” என்றார். சற்றுத் தயங்கினார். “ஆனால் அந்த வண்டுச் சத்தம் எங்கே தம்பி? அது கேட்டதும்தான் பாட்டுத் தொடங்கப்போகிறது என்று அடுப்படியிலிருந்து ஓடிவருவேன்.”

யாம் ஒருவரை ஒருவர் நோக்கினோம். இருபது நாளும் வருந்தி ஒழித்தது அதனையே அன்றோ! தோழர் ஒன்றும் கூறாமல் ஸ்விச்சை முதல் நிலைக்குத் தள்ளினார். கழுத்துச் சுருள் தனித்து நின்றமையால் இரைச்சல் எழுந்தது. அம்மையார் புன்னகைத்தார்.

மறுநாள் விளக்குகள் தணிந்தபின், தோழர் மேடையில் நின்று தந்தியைத் தொடாமலே ஒலியை உயர்த்தினார். வண்டு சில கணம் முரன்றது. முன்வரிசையில் அம்மையார் நிமிர்ந்து அமர்ந்தார். தோழர் ஸ்விச்சை இரண்டாம் நிலைக்கு நகர்த்திப் பாடலைத் தொடங்கினார்.