மூட்டையின் அடியில் கிடக்கும் தூள்

புது பெல்லட் மூட்டை வீட்டுக்கு வந்தால் அதை அப்படியே கிரில்லில் கொட்ட மாட்டேன். கராஜில் ஒரு பெரிய வாளி இருக்கிறது. அதன் வாயில் பெரிய கண் சல்லடையை வைத்து மூட்டையை மெதுவாகச் சரிப்பேன். கால் அங்குல கனமும் ஓர் அங்குலத்துக்குக் குறைந்த நீளமுமான மரக்குச்சிகள், அதாவது பெல்லட், சல்லடையில் தங்கும், தூள் கீழே இறங்கும். 40 பவுண்டு மூட்டையில் ஒரு கைப்பிடித் தூள் இறங்கினால் நல்ல சரக்கு. இரண்டு டம்ளர் இறங்கினால் அந்தக் கடையில் அந்த அடுக்கிலிருந்து மறுபடி எடுப்பதில்லை.

ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டியில் குடியிருக்கிறேன். பெல்லட் கிரில் வைத்துச் சமைக்கத் தொடங்கி ஒன்பது வருடம் ஆகிறது. சொந்த ஊர் கமுதிப் பக்கம். சீமைக்கருவேலத்தை வெட்டி, அடுக்கி, மண் மூடிக் கரி மூட்டம் போட்ட குடும்பம். விறகைக் கையில் தூக்கிப் பார்த்தே விலை பேசுகிற வீட்டில் வளர்ந்ததால் ஒன்று மட்டும் சின்ன வயதிலேயே தெரியும்: மலிவு வேறு, மட்டம் வேறு. பெல்லட் வாங்கப் போகும் யாரும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

இந்த அடுப்பின் கதை ஒரிகன் மாநிலத்தில் மவுண்ட் ஏஞ்சல் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அங்கே வீட்டைச் சூடாக்கும் அடுப்புகள் விற்ற ஜோ ட்ரேகர், மரக்குச்சி எரிக்கும் அந்தக் கணப்பின் முறையையே சமையலுக்குத் திருப்பினார். 1980களில் காப்புரிமை கிடைத்தது. 2006இல் அது முடிந்ததும் மற்ற நிறுவனங்களும் இறங்கின, கிரில்லின் விலை குறைந்தது, பெல்லட்டிலும் வகைகள் பெருகின. இன்று கடை வாசலில் நின்றால் ஒரே அளவு மூட்டையில் ஒன்றுக்கு ஒன்று இரண்டு மடங்கு விலை. எதை எடுப்பது என்று திகைப்பது இயல்புதான்.

உள்ளே நடப்பது தெரிந்தால் திகைப்பு பாதி போய்விடும். பக்கவாட்டுப் பெட்டியில் பெல்லட்டைக் கொட்டுகிறோம், அதை ஹாப்பர் என்கிறார்கள். அதன் அடியில் ஆகர் என்ற நீளத் திருகு சுற்றிச் சுற்றிக் குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு சின்னக் கிண்ணத்தில் தள்ளும். அங்கே சூடேறும் கம்பி ஒன்று தீ மூட்டும், விசிறி காற்று ஊதும். நாம் வைத்த சூட்டுக்கு ஏற்றபடி எவ்வளவு தள்ளுவது என்பதைக் கட்டுப்பாட்டுப் பெட்டி பார்த்துக்கொள்ளும். ஆகவே இந்த அடுப்புக்கு வேண்டியது அளவு மாறாத, உடையாத, ஈரமில்லாத குச்சி. மரம் எது என்ற கேள்வி அதற்குப் பிறகுதான்.

பெல்லட் செய்வது முறுக்குப் பிழிவது மாதிரி. தரைப்பலகை, மேசை நாற்காலி செய்யும் ஆலைகளில் மிஞ்சும் மரத்தூளைக் காயவைத்து, துளைகள் உள்ள எஃகு அச்சில் அழுத்தித் தள்ளுகிறார்கள். அழுத்தத்தில் ஏறும் சூட்டில் மரத்துக்குள் இருக்கும் லிக்னின் இளகி, ஆறும்போது பசையாகப் பிடித்துக்கொள்ளும். வேறு பசை தேவையில்லை. நன்றாக அழுந்திய குச்சியின் மேல் மெழுகு பூசிய மாதிரி ஒரு மினுக்கம் இருக்கும். உடைத்தால் 'டக்' என்று முறியும். மட்டமான குச்சி சத்தமில்லாமல் நெகிழ்ந்து பிரியும்.

அப்பா இரண்டு வருடத்துக்கு முன் இங்கே வந்திருந்தார். வாளியில் கையை விட்டு ஒரு பிடி அள்ளிப் பார்த்தார்.

"என்னப்பா இது, மாட்டுத் தீவனம் மாதிரி இருக்கு?"

"தீவனம் பிடிக்கிற மாதிரி மெஷின்லதான் இதையும் பிடிக்கிறாங்கப்பா. எல்லாம் மரத்தூள்."

ஒரு குச்சியைக் காதருகே கொண்டுபோய் ஒடித்தார். இன்னொன்றை ஒடித்தார். "காஞ்ச சரக்குதான்" என்றார். நான் யாரும் கற்றுக்கொடுக்காமல் பல மூட்டைகளைப் பாழாக்கித் தெரிந்துகொண்டதை அவர் அரை நிமிடத்தில் சொல்லிவிட்டார். ஊரில் கரி வாங்க வருகிறவர்கள் இரண்டு துண்டை ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஓசை வந்தால் நன்றாக வெந்த கரி, மொத்தென்று வந்தால் வேகாத கட்டை. காது சொல்வதைத்தான் அப்பா இங்கேயும் நம்பினார்.

அன்று கோழித்தொடை சுட்டேன். மெஸ்கீட் பெல்லட். புகை எழுந்ததும் அப்பா நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார். "நம்ம கருவேலமரப் புகைல்ல இது?" அவர் மூக்கு தப்பவில்லை. டெக்சாஸ் மெஸ்கீட்டும் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலமும் ஒரே குலத்து மரங்கள். அங்கே விவசாயிகள் வயலைப் பிடித்துக்கொண்டது என்று நோவதைப் போலவே இங்கே மாடு வளர்க்கிறவர்களும் மேய்ச்சல் நிலத்தைப் பிடித்துக்கொண்டது என்று நோகிறார்கள். இரண்டு ஊரிலும் அடுப்புக்கு மட்டும் அது பிடித்தமான மரம். மெஸ்கீட்டின் புகை காட்டமானது. கோழித்தொடை, ஸ்டேக் மாதிரி ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறதற்குச் சரி. பத்து மணி நேரம் வேகிற இறைச்சிக்கு அதை மட்டுமே போட்டால் கசப்புத் தட்டிவிடும்.

புகையைப் படிப்பதிலும் அப்பாவின் தொழிலும் என் பொழுதுபோக்கும் ஒன்றுபடுகின்றன. மூட்டத்திலிருந்து வெள்ளையாக அடர்ந்து புகை வரும்வரை உள்ளே ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். நீலம் தட்டி மெலிந்தால் "வெந்துருச்சு, மூடு" என்பார்கள். கிரில்லிலும் அடர்ந்த வெள்ளைப் புகை ஆகாது, அது இறைச்சியில் கரிக்கசப்பை ஏற்றும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் நீலமாக ஓடுகிற புகைதான் வேண்டும். பெல்லட்டில் ஈரமும் தூளும் இருந்தால் அந்த நீலம் கிடைக்காது.

இப்போது விலை. மூட்டை விலையைப் பார்க்காதீர்கள், பவுண்டு விலையைப் பாருங்கள். போன மாதம் நான் வாங்கிய கலப்பு ஓக் மூட்டை 40 பவுண்டு, 16 டாலர். பவுண்டு 40 சென்ட். பக்கத்திலேயே முழுக்க ஹிக்கரி என்று அச்சிட்ட மூட்டை 20 பவுண்டு, 19 டாலர். பவுண்டு 95 சென்ட். தரும் சூட்டில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எடைக்கு எடை பார்த்தால் காய்ந்த மரங்கள் ஏறக்குறைய ஒரே சூட்டைத்தான் தரும், வெப்ப அலகில் சொன்னால் பவுண்டுக்கு 8,000 பி.டி.யூ.வை ஒட்டி. அதிகமாகக் கொடுக்கிற 55 சென்ட் முழுக்க முழுக்க வாசனைக்கான விலை. அப்படியானால் வாசனை இறைச்சியில் ஏறாத சமயத்தில் அந்த விலையை எரிப்பது வீண்.

வாசனை எப்போது ஏறும்? இறைச்சி குளிர்ந்தும் மேல்பரப்பு ஈரமாகவும் இருக்கும்போது, அடுப்பு 225 டிகிரி ஃபாரன்ஹீட்டை ஒட்டி மெதுவாக எரியும்போது. அதாவது முதல் சில மணி நேரம். மேலே கருஞ்சிவப்புப் பொருக்கு கட்டியதும் புகை பிடிப்பது குறைந்துவிடும். உள்சூடு 165 டிகிரி வந்ததும் தாளில் சுற்றிவிட்டால் அதற்குப் பிறகு என்ன மரம் எரிந்தாலும் நாக்குக்குத் தெரியப்போவதில்லை. 400 டிகிரியில் கோழியோ பீட்சாவோ போட்டாலும் அப்படித்தான். அந்தச் சூட்டில் பெல்லட் சுத்தமாக எரிந்துவிடும், புகையே சொற்பம்.

12 பவுண்டு பிரிஸ்கெட், அதாவது மாட்டின் நெஞ்சுக்கறி, வேக 14 மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் என் அடுப்பு ஏறக்குறைய 20 பவுண்டு பெல்லட் தின்னும். எல்லாம் ஹிக்கரி என்றால் 19 டாலர். எல்லாம் கலப்பு ஓக் என்றால் 8 டாலர். நான் செய்வது இது: ஹாப்பரில் முதலில் 6 பவுண்டு ஹிக்கரி மட்டும். அது அடியைத் தொடுகிற நேரத்தில் கலப்பு ஓக்கைக் கொட்டுவேன். மொத்தம் 11 டாலர் 30 சென்ட். முழு ஹிக்கரியில் வெந்ததையும் இப்படி வெந்ததையும் அண்டை வீட்டார் முன்னால் வெட்டி வைத்திருக்கிறேன். இதுவரை யாரும் பிரித்துச் சொன்னதில்லை, நானும் சொல்ல முடியவில்லை.

மூட்டையின் முன்பக்கம் பெரிதாக 'ஹிக்கரி' என்று இருக்கும். பின்பக்கம் திருப்புங்கள். பல மூட்டைகளில் அடிப்படை மரம் ஓக் அல்லது ஆல்டர், பெயர் போட்ட மரம் அதில் ஒரு பங்குதான். இதில் மோசம் ஒன்றுமில்லை, ஓக் நல்ல மரம். லாக்ஹார்ட் போன்ற நடு டெக்சாஸ் ஊர்களின் பழைய கடைகளில் இன்றும் எரிவது போஸ்ட் ஓக் விறகுதான். ஆனால் கலப்புக்குக் கலப்பின் விலைதான் கொடுக்க வேண்டும். முழு மரத்தின் விலையைக் கேட்டால் வைத்துவிட்டு வாருங்கள். அதே மாதிரி, வாசனை எண்ணெய் சேர்த்த பெல்லட்டையும் நான் எடுப்பதில்லை. பீக்கன் கிடைத்தால் எடுக்கலாம். ஹிக்கரியின் குலத்து மரம், புகை மட்டும் மென்மை. நம் மசாலா தடவிய ஆட்டுத்தொடைக்கு ஹிக்கரியைவிட இதுதான் ஒத்துப்போகிறது.

ஒரு மலிவு மட்டும் வேண்டவே வேண்டாம். வீட்டுக் கணப்புக்கு விற்கிற பெல்லட் இதைவிடவும் மலிவாகக் கிடைக்கும். அதில் பைன் மாதிரி பிசின் மரங்கள் இருக்கலாம். எந்த மரம், எங்கிருந்து வந்தது என்பதைச் சமையலை நினைத்து யாரும் பார்ப்பதும் இல்லை. சாப்பாட்டுக்கு மேல் அந்தப் புகையை விடக் கூடாது. இதில் சலுகை இல்லை.

மலிவு என்னைக் கடித்தது ஒரே ஒருமுறைதான், அதுவும் ஈரத்தால். இங்கே கோடையில் காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். மூன்றாம் வருடம், வெளியில் அடுக்கி வைத்து விற்ற மூட்டைகளைப் பாதி விலைக்கு ஒரு கடையில் வாங்கினேன். ஆறு மூட்டை. ஒடித்துப் பார்க்கவில்லை. ஒரு சனிக்கிழமை பாதி ஹாப்பரை அப்படியே விட்டுவிட்டேன், இரவு மழை. அடுத்த வாரம் அடுப்பைப் போட்டால் திருகு உறுமியது, சுற்றவில்லை. ஹாப்பருக்குள் கையை விட்டேன், குச்சியே இல்லை, ஈர மரத்தூள் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. திருகைக் கழற்றி, குழாய்க்குள் ஸ்க்ரூடிரைவரால் குத்திக் குத்தி எடுக்க நான்கு மணி நேரம். திருகை இறுக்கும் சின்ன ஊசியும் அறுந்திருந்தது. விருந்துக்கு வந்தவர்களுக்கு அன்று உள்ளே அடுப்பில் வைத்த ரசம் சாதம். மிச்சப்படுத்தியது 48 டாலர், போனது ஒரு நாள், ஒரு உதிரிப்பாகம், ஆறு மூட்டையும்.

ஈரம் என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமானால் அரை டம்ளர் வெந்நீரில் பத்துக் குச்சியைப் போடுங்கள். சில நிமிடங்களில் பல மடங்கு ஊதி, கஞ்சி மாதிரி குழைந்துவிடும். விலை உயர்ந்த பெல்லட்டும் இதே கதிதான். அதனால் வாங்கிய அன்றே மூடி இறுகும் ஐந்து காலன் வாளிகளில் கொட்டிவிடுகிறேன். ஒரு வாளி ஒரு 20 பவுண்டு மூட்டையைத் தாராளமாக வாங்கும். சமையல் முடிந்ததும் ஹாப்பரில் மிஞ்சியதை எடுத்து வாளியில் போட்டு மூடுவேன்.

தூள் அதிகம் இருந்தாலும் தொல்லைதான். அது திருகின் அடியில் சேர்ந்து குச்சி வரும் வேகத்தைக் கெடுக்கும். சூடு ஏறி இறங்கும், சில சமயம் தீயே அணைந்துபோகும். அணைந்தது தெரியாமல் திருகு குச்சியைத் தள்ளிக்கொண்டே இருந்தால் கிண்ணம் நிரம்பிக் குவியும். அதை அப்படியே மறுபடி மூட்டினால் ஒரேயடியாகப் பற்றி எரியும். கிண்ணத்தைக் காலி செய்த பிறகுதான் மூட்ட வேண்டும், எவ்வளவு அவசரமாக இருந்தாலும். சாம்பலையும் பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல பெல்லட்டில் சாம்பல் நூற்றுக்கு ஒரு பங்குக்குள் நிற்கும். ஒரு மூட்டை எரித்து முடித்தபின் கிண்ணத்தைச் சுற்றிச் சாம்பல் மேடாக நின்றால், அல்லது அதில் கல் மாதிரிக் கட்டிகள் கிடந்தால், அந்த வகையை விட்டுவிடுங்கள்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது, அடுக்கின் மேல் மூட்டையை விட்டு நடுவிலிருந்து ஒன்றை இழுங்கள். உறையில் கிழிசலோ உள்ளே நீர்முத்தோ இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு மூட்டையை நிமிர்த்தி, அடி மூலையைக் கையால் பிசைந்து பாருங்கள். குச்சி குச்சியாக உருண்டால் எடுத்துக்கொள்ளுங்கள், பெயர் எதுவானாலும். மாவு மாதிரி நெகிழ்ந்தால் பாதி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.