எழுவைதீவுக் கூழும் எழுதப்படாத வரியும்

யாழ்ப்பாணத்துச் சமையல் என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் வருவது அதன் காரம்தான். ஆனால் யாழ்ப்பாணத்துக்கு மேற்கே கடலில் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்குப் போனால், காரத்துக்கும் முன்னால் நம்மை வரவேற்பது பனைமரம். அந்தத் தீவுகளுள் மிகச் சிறிய ஒன்றுதான் எழுவைதீவு. அதன் பரப்பு ஏறத்தாழ 1.4 சதுர கிலோமீட்டர். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்தே போய்விடலாம்.

நயினாதீவு, நெடுந்தீவு செல்பவர்கள் புங்குடுதீவின் குறிகட்டுவானில் படகு ஏறுவார்கள். எழுவைதீவுக்கு வழி வேறு. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணைப் பாதை வழியாகக் கடலைக் கடந்து வேலணைத் தீவுக்கு வந்து, அதன் வடமேற்குக் கோடியிலுள்ள ஊர்காவற்றுறையில் படகு ஏற வேண்டும். துறையிலிருந்து பார்த்தால் கடல் நடுவே ஹம்மன்ஹீல் கோட்டை தெரியும். தீவில் இறங்கினால் மீன்பிடி வலைகளும் பனங்கூடல்களும்தான் கண்ணில் படும். கடைத்தெரு, உணவு விடுதி என்று எதையும் எதிர்பார்த்துப் போகக் கூடாது.

சமையலறையில் காலம் கழிக்கும் நமக்கு இந்த ஊரில் என்ன வேலை என்று கேட்கலாம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவுகளிலும் ஓடுகிற ஆறு கிடையாது. மழையையும் கிணற்றையும் நம்பிய வாழ்க்கை. நெல் கொஞ்சம், பனையும் கடலும் தாராளம். அந்த இரண்டும் ஒரே பானையில் சேர்ந்ததுதான் ஒடியற்கூழ். அந்த மண்ணைப் பார்த்த பிறகுதான் அந்தக் கூழ் நமக்கு முழுமையாகப் புரிகிறது.

பனம்பழத்தின் விதைகளைப் பாத்தியில் புதைத்தால் சில மாதங்களில் கிழங்கு இறங்கும். நம் பக்கத்தில் அதைப் பெரும்பாலும் அவித்துத் தின்பதோடு சரி. அங்கே இரண்டு வகையாகப் பக்குவம் செய்கிறார்கள். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல்; அதை அப்படியே கடித்துத் தின்னலாம். பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவைத்தால் ஒடியல். அதை இடித்துச் சலித்தால் ஒடியல் மா. கூழுக்கு உரியது இந்த மாவுதான்.

புதிய ஊர்ச் சமையல் எதையும் ஒரே குறிப்பை நம்பிச் செய்வதில்லை என்பது என் வழக்கம். கூழுக்கும் அப்படித்தான். ஒரு சமையல் புத்தகம், தீவுப் பகுதியைச் சேர்ந்த ஒரு மூதாட்டி வாயால் சொன்னது, வெளிநாட்டில் வாழும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தின் கையெழுத்துக் குறிப்பு என மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். புத்தகத்தில் அளவுகள் துல்லியமாக இருந்தன. மூதாட்டியிடம் அளவே இல்லை. எல்லாம் “ஒரு பிடி”, “ஒரு கை”, “கண் பார்த்துப் போடு” என்பதுதான். ஆனால் அந்தக் கையெழுத்துக் குறிப்பில் ஒரு வரியே இல்லை. ஒடியல் மாவைத் தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்துக் கொட்ட வேண்டும் என்ற வரி அது.

பச்சை ஒடியல் மாவில் கடும் கசப்பு உண்டு. அது வெறும் ருசிக் குறை அல்ல, உடம்புக்கும் ஆகாதது. அதனால்தான் மாவை நிறையத் தண்ணீரில் கரைத்து ஊறவைத்து, மேலே தெளியும் நீரை இரண்டு மூன்று முறையாவது மாற்றுகிறார்கள். இது தெரியாத வீடு அந்தத் தீவுகளில் இருக்காது. எல்லோருக்கும் தெரிந்ததை யார் எழுதி வைப்பார்கள்? குறிப்பை எழுதிய கைக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் லண்டனிலோ டொராண்டோவிலோ பிறந்து வளரும் பேத்திக்குத் தேவை.

இனி மூன்றையும் சேர்த்து நான் செய்த முறை. ஆறு பேருக்கு 200 கிராம் ஒடியல் மாவை மேலே சொன்னபடி ஊறவைத்துத் தெளிவிக்கவும். பெரிய பானையில் தண்ணீர் கொதித்ததும் ஒரு பிடி அரிசி, பலாக்கொட்டை, மரவள்ளிக்கிழங்குத் துண்டுகள் போடவும். அவை பாதி வெந்ததும் பயிற்றங்காய். அடுத்து மீன் தலை, மீன் துண்டுகள், இறால், விரும்பினால் நண்டும் கணவாயும். அரைத்த செத்தல் மிளகாய், மஞ்சள், உப்பு, புளிக்கரைசல் ஆகியவற்றை மாவுடன் கலந்து கடைசியில் ஊற்றிக் கிளறவும். முருங்கையிலை தூவி, கூழ் தடித்து வந்ததும் இறக்கவும். அங்கே பலா இலையைக் கோலிக் கரண்டி போல வைத்துச் சுடச்சுடக் குடிப்பார்கள். மிளகாய் என்பது நாம் வற்றல் என்று சொல்லும் காய்ந்த மிளகாய்தான். அளவில் கை தாராளமாக இருக்க வேண்டும்.

நம் வீடுகளுக்காக இரண்டு செய்திகள். நண்டு, கணவாய் பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபி குடும்பங்களில் இவற்றைச் சேர்ப்பதில்லை. ஷாஃபி குடும்பங்கள் பலவற்றில் சேர்க்கிறார்கள். மீனையும் மீன் தலையையும் கூடுதலாகப் போட்டாலே கூழின் மணம் குறையாது. அடுத்தது, பனையிலிருந்து இறக்குவதெல்லாம் கள் அல்ல. முட்டியில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் அது புளிக்காது. நாம் பதநீர் என்பதை அங்கே கருப்பநீர் என்கிறார்கள். அதைக் காய்ச்சிச் செய்வதுதான் பனங்கட்டி. காரக் கூழுக்குப் பிறகு ஒரு துண்டு பனங்கட்டி வாயில் போட்டுக்கொண்டால் நாக்கு அடங்கும்.

இந்த எழுதப்படாத வரி நம் சமுதாயத்தோடும் சம்பந்தப்பட்டது. 1990 அக்டோபர் இறுதியில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். பெரும்பாலோர் புத்தளம் போய்ச் சேர்ந்தார்கள். அம்மியும் உரலும் அங்கேயே நின்றுவிட்டன. கைப்பக்குவம் மட்டும் கூடவே போனது. போரினால் தீவுகளின் தமிழ்க் குடும்பங்களும் பெருமளவில் இடம்பெயர்ந்தன. ஊர் கலைந்தால், ஊருக்கே தெரிந்தது யாருக்கும் தெரியாததாகி விடுகிறது.

ஆகவே சகோதரிகளே, உங்கள் உம்மாவிடமோ மாமியிடமோ ஒரு சமையலைக் கேட்டு எழுதும்போது அளவோடு நிறுத்திவிடாதீர்கள். அடுப்பருகே நின்று அவர்கள் கை செய்வதையெல்லாம் பாருங்கள். எதைக் கழுவினார்கள், எத்தனை முறை கழுவினார்கள், எந்த நீரைக் கொட்டினார்கள், எந்த மணம் வந்ததும் தீயைக் குறைத்தார்கள் என்று ஒவ்வொன்றையும் எழுதுங்கள். “இதைக்கூடவா எழுதுவது?” என்று அவர்கள் சிரிப்பார்கள். அந்த வரியைத்தான் முதலில் எழுத வேண்டும்.