லே நகரத்துப் படிகள்

லடாக்கிலுள்ள லே நகரம் 11,500 அடி உயரத்தில் இருக்கிறது. பெட்டியைத் தூக்கியதுமே எனக்கு மேல்மூச்சு வாங்கிற்று. என் சிநேகிதியோ அங்கே ஓட்டப் பந்தயத்துக்கு வந்திருந்தாள்! கர்துங் கிராமத்தில் கிளம்பி, ஏறக்குறைய 17,600 அடி உயரமுள்ள கர்துங் லா கணவாயைக் கடந்து, லே வரையில் 72 கிலோமீட்டர்.

போன வருஷம் கணவாயை எட்டுமுன் தலைவலியும் வாந்தியும் கண்டு, அவளை வண்டியில் இறக்கிக் கொண்டுவந்தார்கள். மலை நோய்க்கு இறங்குவதுதானே மருந்து? இந்தத் தடவை உடம்பு பழகட்டும் என்று முன்னதாகவே வந்து, தினமும் சாந்தி ஸ்தூபியின் படிகளில் ஏறி இறங்கினாள். நான் காரில் மேலே போய், உப்புப் போட்ட வெண்ணெய்த் தேநீருடன் (அது நமக்குச் சரிப்படாது!) காத்திருப்பேன்.

ஒரு நாள் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பகீரென்றது.

"தலை வலிக்கிறதாடி?"

"இல்லையடி, கால்தான்!"

"அப்படியானால் எழுந்திரு. இன்னும் இருபதே படி!" என்று கத்தினேன்.

உண்மையில் நூற்றுக்கு மேல் இருந்தன.