நாலரை மணித்தியாலம்

அம்மம்மாவின் கையில் இருந்த தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது காலை 6.40க்கு. நேரம் இவ்வளவு சரியாகத் தெரிவதற்குக் காரணம் தம்பியின் பள்ளிக்கூட வான். அது ஒவ்வொரு நாளும் 6.40க்கு ஒழுங்கை முகப்பில் வந்து நின்று ஹோர்ன் அடிக்கும். அண்டைக்கு ஹோர்ன் சத்தமும் கோப்பை விழுந்த சத்தமும் ஒண்டாத்தான் கேட்டது என்று அம்மா பிறகு சொன்னா.

நான் அப்போது வீட்டில் இல்லை. கம்பஸ் விடுதியில் இருந்தேன். அம்மாவின் அழைப்பு வந்தது 7.30க்கு.

"பிள்ளை, அம்மம்மாவுக்கு வலக்கை விறைச்ச மாதிரி இருக்காம். கதையும் கொஞ்சம் கொன்னுது. என்ன செய்வம்?"

எங்கள் வீட்டில் இருந்து கம்பஸுக்குப் போன முதல் ஆள் நான். படிப்பது கலைப்பீடத்தில், தமிழும் மொழியியலும். ஆனால் வீட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. வங்கிப் படிவம், வெளிநாட்டில் இருக்கும் மாமாவின் கடிதம், மருந்துப் போத்தலில் இருக்கும் ஆங்கிலம் எல்லாமே என்னிடம்தான் வரும். அதனால் அம்மா ஆஸ்பத்திரிக்கு எடுக்கமுதல் எனக்குத்தான் எடுத்தா.

நான் சொன்ன பதிலை இங்கே அப்படியே எழுதுகிறேன். "ராத்திரி நித்திரை கொள்ளேல்லையாக்கும் அம்மா. பிரஷர் ஏறி இறங்கியிருக்கும். கொஞ்சம் படுக்க விடுங்கோ. பின்னேரம் டொக்டரிட்டக் காட்டுவம்." எட்டரைக்கு எனக்கு விரிவுரை. அதற்குமுதல் ஒப்படை ஒன்றை அச்செடுத்துக் கொடுக்கவேண்டி இருந்தது. போனை வைத்துவிட்டுப் போய்விட்டேன்.

வீட்டில் என் சொல்லைக் கேட்டார்கள். அம்மம்மாவைப் படுக்க வைத்தார்கள். சித்தி பிரஷர் குளிசை ஒன்றை மேலதிகமாகக் கொடுத்தா. பக்கத்து வீட்டு மாமி தைலம் கொண்டுவந்து கையை உரஞ்சிவிட்டா. சீனி போட்ட தேத்தண்ணி பருக்கினார்கள். அது வாயின் ஒரு பக்கத்தால் வழிந்தது. பதினொரு மணி போல அம்மம்மா எழும்பப் பார்த்து விழுந்த பிறகுதான் ஓட்டோ தேடினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பகல் ஒரு மணி.

அங்கே வைத்தியர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை மணிக்குத் தொடங்கினது?" அம்மா 6.40 என்றா. அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஸ்கான் எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கத்துக்குக் குருதி போகும் குழாயில் அடைப்பு. "நாலரை மணித்தியாலத்துக்குள்ள வந்திருந்தா ஒரு ஊசியைப் பற்றி யோசிச்சிருக்கலாம்" என்று மட்டும் சொன்னாராம். யாரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு பல கிழமையாக நான் படித்தது என் பாடங்களை இல்லை. அந்த நாலரை மணித்தியாலம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான்.

1995இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளிவந்தது. பாரிசவாதம் தொடங்கி மூன்று மணித்தியாலத்துக்குள் வந்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அல்டெப்ளேஸ் என்ற, குருதிக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்பதை எழுமாறாகத் தீர்மானித்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 39 பேர் கிட்டத்தட்டக் குறையில்லாமல் இருந்தார்கள். எடுக்காதவர்களில் 26 பேர். 2008இல் ஐரோப்பாவில் நடந்த இன்னொரு ஆய்வு அந்த எல்லையை மூன்றில் இருந்து நாலரைக்கு நீட்டியது. அதில் வித்தியாசம் 52க்கு 45. நேரம் போகப் போக மருந்தின் பயனும் தேய்ந்துகொண்டே போகிறது.

ஏன் தேய்கிறது? குழாய் அடைபட்டதும் நடுவில் இருக்கும் மூளைக் கலங்கள் சில நிமிடங்களிலேயே செத்துவிடும். அதைச் சுற்றி ஒரு வளையம் இருக்கும். அங்கே இருக்கும் கலங்கள் வேலைசெய்யாது, ஆனால் இன்னும் சாகவில்லை. பக்கத்துக் குழாய்களில் இருந்து கசிந்துவரும் கொஞ்சக் குருதியில் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சிகிச்சை எல்லாமே இந்த வளையத்தைக் காப்பாற்றத்தான். 2006இல் ஜெஃப்ரி சேவர் என்ற அமெரிக்க நரம்பியல் வைத்தியர் இதற்கு ஒரு கணக்குப் போட்டார். பெரிய குழாய் அடைபட்டு வைத்தியம் செய்யாமல் விட்டால், சராசரியாக நிமிடத்துக்கு 19 இலட்சம் நரம்புக் கலங்கள் சாகின்றன.

நானும் ஒரு கணக்குப் போட்டேன். 6.40இல் இருந்து ஒரு மணிவரை 380 நிமிடம். போனில் பெருக்கினால் 72 கோடி 20 இலட்சம். அண்டு ராத்திரி விடுதி மொட்டை மாடியில் இருந்து அழுதேன். நான் கொடுத்த ஒப்படைக்கு B+ வந்தது.

பிறகு கொஞ்சம் நிதானமாகப் படித்தபோது சில விஷயங்கள் விளங்கின. சேவரின் இலக்கம் ஒரு சராசரி. ஒவ்வொருவரின் மூளையும் ஒவ்வொரு வேகத்தில் சாகிறது. ஊசியும் மந்திரம் இல்லை. அதே 1995 ஆய்வில் மருந்து எடுத்தவர்களில் நூற்றுக்கு 6 பேருக்கு மூளைக்குள் குருதி கசிந்து நிலைமை மோசமானது. எடுக்காதவர்களில் அது ஒருவருக்கும் குறைவு. நேரத்துக்குப் போயிருந்தாலும் அம்மம்மா இன்றைக்கு இருக்கிற மாதிரியே இருந்திருக்கலாம். இதை ஒரு ஆறுதலாக எழுதவில்லை. நூற்றுக்கு 13 பேர் என்பது சின்ன இலக்கம் இல்லை. அந்த 13இல் அம்மம்மா இருந்திருப்பாவா என்பது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பத்தை இல்லாமல் செய்தது நான். அவ்வளவுதான் உண்மை. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை.

நாலரை என்பது கல்லில் வெட்டிய எல்லையும் இல்லையாம். 2015இல் நெதர்லாந்து, கனடா, அவுஸ்திரேலியா, ஸ்பெயின் என்று பல இடங்களில் நடந்த ஆய்வுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக வெளிவந்தன. அரைப் பக்கத்தால் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, மூளை வரைக்கும் கொண்டுபோய், கட்டியை இழுத்து எடுக்கும் முறை அது. 2018இல் அச்சான 'டோன்' என்ற ஆய்வில், ஆறு தொடக்கம் இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் வந்தவர்களையும் ஸ்கான் பார்த்துத் தெரிவு செய்து இப்படிச் செய்தார்கள். மூன்று மாதத்தின் பின் தங்கள் வேலையைத் தாங்களே பார்க்கக்கூடியவர்கள் நூற்றுக்கு 49. வழமையான பராமரிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 13. மணிக்கூட்டைப் பார்ப்பதோடு, அந்த வளையம் இன்னும் மிச்சம் இருக்கிறதா என்பதையும் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் இது பெரிய குழாய் அடைபட்டவர்களுக்கு மட்டும். அதற்கென்று பயின்ற வைத்தியர்களும் விசேட அறையும் வேண்டும். எல்லா ஆஸ்பத்திரியிலும் நடக்கிற காரியம் இல்லை.

எங்களைப் போன்ற நாடுகளுக்கு நெருக்கமான ஆய்வு ஒன்றும் இருக்கிறது. 'இன்டராக்ட்-3' என்று பெயர். 2023இல் வெளிவந்தது. இது அடைப்புக்கு இல்லை, மூளைக்குள் குழாய் வெடித்துக் குருதி கசியும் வகைக்கு. பத்து நாடுகள், ஏழாயிரத்துக்கு மேல் நோயாளர்கள். இலங்கையும் அதில் ஒன்று. புது மருந்து ஏதும் இல்லை. குருதியமுக்கத்தை ஒரு மணித்தியாலத்துக்குள் குறைப்பது, சீனியைக் கட்டுக்குள் வைப்பது, காய்ச்சலை இறக்குவது, குருதி உறையாமல் இருக்க ஏற்கெனவே மருந்து எடுத்தவர்களுக்கு அதன் விளைவை மாற்றுவது. இந்த நாலையும் ஒரே தொகுதியாக, வேகமாகச் செய்தார்கள். சாவும் குறைந்தது, ஆட்கள் சுகப்படுவதும் கூடியது. எங்கள் வாட்டுகளில் இருந்த நோயாளிகளும் தாதியரும் சேர்ந்து உலகத்துக்குச் சொன்ன பதில் அது என்று நினைக்கும்போது ஒரு மாதிரிச் சந்தோசமாக இருந்தது.

அப்ப சித்தி கொடுத்த பிரஷர் குளிசை சரிதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2024இல் வெளிவந்த 'இன்டராக்ட்-4' அதற்குப் பதில் சொன்னது. சீனாவில், அம்புலன்ஸுக்குள் வைத்தே பிரஷரைக் குறைக்க மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். குருதி கசிந்தவர்களுக்கு அது நன்மை செய்தது. அடைப்பு வந்தவர்களுக்குத் தீமை செய்தது. மொத்தத்தில் ஒன்றை ஒன்று வெட்டிவிட்டது. அவர்கள் கொடுத்தது ஊசி, எங்கள் வீட்டுக் குளிசை இல்லை. ஆனால் விஷயம் ஒன்றுதான். வெளியில் இருந்து பார்த்தால் இரண்டு வகையும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஸ்கான் எடுக்கமுதல் எது என்று யாருக்கும் தெரியாது. அதனால் வீட்டில் வைத்து ஒரு குளிசையும் கொடுக்கக்கூடாது. தேத்தண்ணியும் கூடாது. விழுங்க முடியாத ஆளுக்குப் பருக்கினால் அது சுவாசப்பைக்குள் போய் இன்னொரு வருத்தத்தைக் கொண்டுவரும்.

இப்போது அம்மம்மா வீட்டில் இருக்கிறா. வலது கால் இழுத்து இழுத்து நடக்கிறா. வலக்கை மடியிலேயே கிடக்கும். பேச்சில் மிஞ்சியது ஒரு சொல்தான். "வாங்கோ." பசித்தால் வாங்கோ, கோபம் வந்தால் வாங்கோ, தம்பியைக் கூப்பிட்டாலும் வாங்கோ. மொழியியல் வகுப்பில் புரோக்கா என்ற பிரெஞ்சு வைத்தியரைப் பற்றிப் படித்திருக்கிறேன். 1861இல் அவர் பார்த்த நோயாளி ஒருவருக்கு "டான்" என்ற ஒரு அசை மட்டும்தான் வரும். அந்த ஆள் இறந்தபின் மூளையைப் பார்த்து, பேச்சுக்கும் இடப்பக்க முன்மூளைக்கும் தொடர்பு இருக்கிறது என்று சொன்னார். பரீட்சைக்கு அதைப் பாடமாக்கி எழுதினேன். அது ஒரு ஆளின் வீட்டில் நடந்த கதை என்று அப்போது நினைக்கவில்லை. அந்த ஒரு அசையை வைத்துக்கொண்டு அவர் எப்படித் தண்ணி கேட்டிருப்பார்?

ஒருநாள் பின்னேரம் அம்மா சுவாமி அறையில் விளக்கு வைத்துத் தேவாரம் தொடங்கினா. பின்னால் இருந்து இன்னொரு குரல் சேர்ந்தது. அம்மம்மா. ஒரு முழுப் பாட்டு, ஒரு சொல் பிசகாமல். முடிந்ததும் "அம்மம்மா, தேத்தண்ணி வேணுமே?" என்று கேட்டேன். "வாங்கோ" என்றா. பேச்சு போனவர்கள் பழகின பாட்டைப் பாடுவது வைத்திய உலகத்தில் பழைய செய்திதான். அதை வைத்து, இராகத்தோடு சொற்களைத் திரும்பப் பழக்கும் ஒரு முறையை 1970களில் பொஸ்ரனில் உருவாக்கினார்கள். நானும் இப்போது "தண்-ணி தாங்-கோ" என்று இராகம் போட்டு, அவவின் இடக்கையால் தாளம் தட்டிப் பழக்குகிறேன். "தண்" வரைக்கும் வந்திருக்கிறது.

அம்மா ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி அம்மம்மாவின் கையையும் காலையும் நீட்டி மடக்கி விடுவா. பிசியோ சொல்லிக்கொடுத்தது. இதைப் பற்றியும் தேடினேன். தேடாமல் விட்டிருக்கலாம். இந்தியாவில் 'அட்டெண்ட்' என்று ஒரு பெரிய ஆய்வு, 2017இல் வெளிவந்தது. 14 இடங்களில் 1250 நோயாளர்கள். ஒரு பகுதியினரின் வீட்டு ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே மறுவாழ்வுப் பயிற்சியைச் செய்ய வைத்தார்கள். ஆறு மாதத்தின் பின் இறந்தவர்களும் பிறரில் தங்கியிருப்பவர்களும் சேர்த்துப் பார்த்தால் நூற்றுக்கு 47. பயிற்சி பெறாத வீடுகளில்? அதுவும் 47.

இதை அம்மாவுக்குச் சொல்வதா வேண்டாமா என்று ஒரு மாதம் யோசித்தேன். ஒருமுறை எனக்குத் தெரியாததைத் தெரிந்த மாதிரிச் சொல்லிக் கெடுத்தவள் நான். இப்போது தெரிந்ததை மறைப்பதும் அதே பிழைதானே? விடுமுறையில் போனபோது சொன்னேன். அம்மா காலை மடக்கிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தா.

"அப்ப விடச் சொல்லுறியே?"

"இல்லை அம்மா. அவங்கள் மற்றப் பக்க வீடுகளிலயும் சும்மா விடேல்லை. அங்கயும் ஆக்கள் பாத்ததுதான். கூடுதலாக் குடுத்த பயிற்சியாலதான் அந்தக் கணக்கு மாறேல்லை."

"அந்தக் கணக்கை அவங்கள் பாக்கட்டும். இவவுக்கு முழங்கை இறுகிப்போகேல்லை. சட்டை போடக்க நோகேல்லை. எனக்கு அது காணும்."

அந்த ஆய்வு அளந்தது சாவையும் தங்கியிருப்பதையும். சட்டை போடும்போது நோகாமல் இருப்பது அந்த 47க்குள் வராது. இரண்டும் உண்மைதான் என்று நினைக்கிறேன்.

குசினிக் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். முகம் ஒரு பக்கம் கோணுதா? இரண்டு கையையும் தூக்கச் சொன்னால் ஒன்று விழுதா? கதை கொன்னுதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் 1990க்கு எடு. அம்புலன்ஸ் இலவசம். தொடங்கின நேரத்தை எழுதிவை. குளிசை, தேத்தண்ணி, தைலம் ஒன்றும் வேண்டாம். கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதினேன்: எனக்குப் போன் எடுக்க வேண்டாம்.

இதை வாசிக்கும் பலர் அவரவர் வீட்டின் "படிச்ச பிள்ளை"யாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கும் ஒருநாள் காலை அந்த அழைப்பு வரலாம். பதில் தெரிந்த மாதிரிக் கதைக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கோ என்று மட்டும் சொல்லுங்கள். பிழைத்துப் போனால் ஒரு அரை நாள்தான் வீண்.

நான் கம்பஸுக்குத் திரும்ப வெளிக்கிடும்போது அம்மம்மா விறாந்தைக் கதிரையில் இருந்தா. "போட்டு வாறன் அம்மம்மா" என்றேன். இடக்கையைத் தூக்கி, "வாங்கோ" என்றா. அண்டைக்கு அது சரியான இடத்தில் வந்த சொல்.