சாவி இன்னும் கையில

ரெண்டு வாரமா அப்டேட்டுக்காக "ரீஸ்டார்ட் பண்ணு"ன்னு லேப்டாப் கெஞ்சுது.
"அப்புறம்"னு தள்ளிட்டே இருக்கேன்.

இன்னிக்கு டீ ஆறுற நேரத்துல ஒரு பழைய லினக்ஸ் ஓட்டையைப் பத்திப் படிச்சேன். சிவிஇ-2017-6074.

டிசிசிபின்னு ஒரு நெட்வொர்க் புரோட்டோகால். டிசிபி, யுடிபிக்கு ஒண்ணுவிட்ட தம்பி. பயன்படுத்தினவங்க ரொம்பக் கம்மி. ஆனா 2005லேர்ந்து லினக்ஸோட மையமான கெர்னல்ல குடியிருந்தது.

ஓட்டை இதான்: டிசிசிபி கோடு, வர்ற பாக்கெட்டை ஒரு இடத்துல "எனக்கு வேணும்"னு எடுத்து வெச்சுக்கிச்சு.
அதே கோடு, யாராவது வெச்சிருக்காங்களான்னு கேக்காமலே அந்த மெமரியைக் காலி பண்ணிடுச்சு.

வீட்டைக் காலி பண்ணியாச்சு. பழைய சாவி இன்னும் கையில.
(பாக்கெட்லன்னு எழுத வந்தேன், குழம்பிடுவீங்க.)
அங்க அடுத்து யாரைக் குடிவெக்கிறதுங்கறதுலதான் சூட்சுமம் இருந்தது. சரியா வெச்சா, சாதாரண யூசர் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் ஆயிட முடிஞ்சுது.

10 வருஷத்துக்கு மேல யாரும் கவனிக்கலை. 2017ல ஆண்ட்ரே கொனொவலோவ் கண்டுபிடிச்சார். அதுவும் படிச்சுப் பார்த்து இல்ல. சிஸ்காலர்னு ஒரு கருவி, சிஸ்டம் கால்களைக் கண்டபடி கெர்னல் மேல வீசிட்டே இருந்ததுல மாட்டுச்சு.
2025ல டிசிசிபியையே கெர்னல்லேர்ந்து தூக்கிட்டாங்க.

"சோர்ஸை எல்லாரும் பார்க்கலாம், அதான் லினக்ஸ் பத்திரம்"னு காலேஜ்ல மைக் பிடிச்சுப் பேசினவன் நான்.
பார்க்கலாம்தான்.
நான் ஒரு வரி பார்த்ததில்ல.

ரீஸ்டார்ட் பட்டன் இன்னும் கண் சிமிட்டுது. இங்க 27 டேப் திறந்து கிடக்கு.
நீங்கல்லாம் கடைசியா எப்போ ரீஸ்டார்ட் பண்ணீங்க?