உலக முடிவில் ஒரு ஜனக்கூட்டம்

பூம்புகாரில் குடியிருப்பவனுக்குக் கூட்டம் புதிதா என்று நீங்கள் கேட்கலாம். புதிதல்லதான். சித்ரா பௌர்ணமியன்று எங்கள் தெருவில் வேன்கள் நிற்கும் நிற்பில் என் வீட்டு வாசல் எது என்று எனக்கே தெரியாது. வாசற்கதவைத் தாழிட்டுக்கொண்டு, கடல் பார்க்க வந்த ஜனங்களைக் கொல்லைப்புறத்தில் உட்கார்ந்து திட்டுவது என் வழக்கம். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

என் மனைவியின் தாத்தா அந்நாளில் இலங்கைத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. "அங்கே 'உலக முடிவு' என்று ஒரு மலை விளிம்பு, அதில் நின்றால் கடல் தெரியும்" என்று பேத்தியிடம் சொல்லி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அறுபது வயது வரை அவள் அதை மறக்கவில்லை. முழங்கால் அடியோடு மக்கர் செய்வதற்குள் பார்த்துவிட வேண்டும் என்று பிடிவாதம். 2023-இல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டதும் எனக்குச் சாக்கு எதுவும் மிஞ்சவில்லை. ஈழத்து உணவுப் பண்டம் எங்கள் துறையில் வந்து இறங்கியதைப் பட்டினப்பாலை சொல்கிறதல்லவா? 2025 ஏப்ரலில் நாங்கள் எதிர்த்திசையில் கப்பலேறினோம்.

ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் 'சீஸன்' என்பது போன பிறகுதான் தெரிந்தது. இலங்கையே அங்கே இருந்தது.

"ஐயா, ஒன்பது மணி தாண்டினா பனி ஏறிடும். விடியுமுன்னே வாசல்ல நிக்கணும்" என்றார் வேன் ஓட்டிய தோட்டத்துப் பிள்ளை. ஒரு தேநீர் குடித்துவிட்டுப் புறப்படலாம் என்றேன் நான். அந்தத் தேநீரின் விலை ஒன்றரை மணி நேரம்! ஹோர்ட்டன் சமவெளியின் வாசலில் எங்களுக்கு முன் நின்ற வண்டிகளை எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டேன். பிளாஸ்டிக் பைகளை அங்கே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். தண்ணீர்ப் பாட்டிலில் ஒட்டிய தாளைக்கூட உரித்து விடுகிறார்கள். எங்கள் புளிச்சோறு என் துண்டுக்கு மாறியது. எங்கள் கடற்கரையில் இப்படி ஒரு மனிதரை நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

1988 முதல் அது தேசியப் பூங்கா. 2,100 மீட்டர் உயரத்தில் புல்வெளி, குளிர் ஓடைகள், கடமான்கள். (அங்கே மரை என்கிறார்கள். அதுவும் கூட்டத்துக்குப் பழகி, கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது.) மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அங்கே ஊற்று. காவிரி வாய்க்காலாய் மெலிந்து கடலில் விழுவதைத் தினம் பார்க்கிறவனுக்குப் பொறாமை வராதா?

நாலு கிலோமீட்டர் நடை. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் எங்களை முந்தினார்கள். என் மனைவி ஒரு கையால் முழங்காலையும் மறு கையால் என் தோளையும் பிடித்துக்கொண்டு நடந்தாள். சேர்ந்தபோது மணி பத்தரை. எதிரே ஏறத்தாழ 870 மீட்டர் பாதாளம் என்றார்கள். நாங்கள் கண்டது வெள்ளைத் துப்பட்டி. பனிக்கு முதுகைக் காட்டிப் படமெடுத்துக்கொண்டு ஜனங்கள் திரும்பினார்கள்.

"போகலாமா?" என்றேன்.

"நீங்க போங்க. நான் இருக்கேன்" என்று பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

என் தேநீரைப் பற்றி அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று துப்பட்டி ஓரமாக விலகிற்று. கீழே, வெகு கீழே, தீப்பெட்டிகள் போல வீடுகள், பச்சைத் தேயிலை, தூரத்தில் வானத்தடியில் ஒரு வெள்ளிக் கோடு.

"ஏங்க, கடல்!" என்றாள்.

மேகம் என்றுதான் எனக்குப் பட்டது. "ஆமாம், கடல்தான்" என்றேன். அதற்குள் மூடிக்கொண்டது.

மறுமாதமே சித்ரா பௌர்ணமி. வழக்கம்போல் தெரு நிறைய வேன்கள். நான் தாழ்ப்பாளில் கை வைத்தபோது வாசலில் ஒரு பாட்டி, சித்ரான்னத் தூக்குடன், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, கடலுக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

உள்ளேயிருந்து என் மனைவி பார்த்தாள். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன்.